மடித்து நிறுத்திய செய்தித்தாள்

ஜெர்மனியின் டெசாவ் நகரில் இயங்கிவந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில், 1920களின் கடைசியில் ஒரு நாள், ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் ஒரு கட்டுச் செய்தித்தாளைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்குச் சில தாள்கள் கொடுத்தார். இதைக் கொண்டு எதையாவது செய்யுங்கள். தாளுக்கு உரிய குணத்தை மதித்துச் செய்யுங்கள். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது முகமூடி, படகு, கோட்டை, விமானம், விலங்குகள் என்று அறை நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தவர், இவற்றை வேறு பொருள்களில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்றார். பிறகு, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு வேலையைச் சுட்டிக்காட்டினார். ஹங்கேரியிலிருந்து வந்திருந்த இளம் கட்டடக் கலைஞர் ஒருவர் தாளை நீளவாக்கில் மடித்து, தடுப்புத் திரையைப் போல நிற்க வைத்திருந்தார். அவ்வளவுதான். படுத்துக் கிடக்கையில் துவண்டு ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் தாள், ஒரே மடிப்பில் விறைத்து எழுந்து நிற்கிறது; இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது. காகிதம் தன் இயல்பில் நின்றே செய்துகாட்டிய வேலை அது.

அன்று மாணவராக இருந்த ஹானெஸ் பெக்மன் பின்னாளில் பதிவுசெய்த நினைவு இது. கழித்துப்போட்ட பொருள்களைக் கலைக்கும் கல்விக்கும் பயன்படுத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த முகமூடிகளும் மடித்த தாளும் என் நினைவுக்கு வரும். இந்தத் துறையில் நடப்பவற்றில் பெரும்பகுதி முகமூடி வகை. மடித்த தாள் வகை அபூர்வம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக் கைவினைக் கண்காட்சி ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். காலி பாட்டில் பூச்சாடியாகியிருக்கும். ஐஸ்கிரீம் குச்சி வீடாகியிருக்கும். பழைய குறுந்தகடு மயிலின் தோகையாகியிருக்கும். அருகில் போய்ப் பார்த்தால் பாட்டிலே தெரியாது. அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட், அதன்மேல் ஜிகினா, கழுத்தில் சாட்டின் ரிப்பன், எல்லாவற்றையும் பிடித்துவைக்கச் சூட்டுப் பசை. பாட்டிலைத் தவிர மற்ற எல்லாமே கடையில் புதிதாக வாங்கியவை. பரிசளிப்பு முடிந்து இரண்டு வாரத்தில் அத்தனையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். முன்பாவது பாட்டில் தனியாக இருந்தது, உருக்கி மறுசுழற்சி செய்திருக்கலாம். இப்போது பெயிண்டும் பசையும் ஏறியதால் அந்த வழியும் அடைபட்டது. ஜிகினா என்பதே பெரும்பாலும் உலோகப் பூச்சு ஏற்றிப் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் ஏடுதான். நுண்பிளாஸ்டிக் விதிகளின் கீழ் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை விதித்தது. குப்பையைக் குறைக்கும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமற்ற அலங்காரம் கிடைப்பது கடினம்.

குழந்தைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் முன் வைக்கப்படும் கேள்வியே பிழையானது. ‘இந்தப் பாட்டிலை எதைப் போல ஆக்கலாம்?’ என்று கேட்டால் பாட்டிலை மறைக்கத்தான் கை போகும். ‘இந்தப் பாட்டில் என்னவெல்லாம் செய்யும்?’ என்று கேட்டிருந்தால் கதையே வேறு. அது மிதக்கும், வளையும், ஒளியை ஊடுருவ விடும், காற்றை அடைத்துவைக்கும், அழுத்தினால் சுருங்கித் திரும்ப உப்பும். குளிர்பானம் வரும் பெட் வகைப் பாட்டிலாக இருந்தால் வெந்நீரில் சுருங்கவும் செய்யும். சோதனைக் குழாயைப் போன்ற ஒரு தடித்த குழலைச் சூடாக்கி, இழுத்து, காற்றை ஊதித்தான் அந்தப் பாட்டிலைச் செய்கிறார்கள். இழுபட்ட நிலையில் குளிர்ந்து உறைந்துபோன பிளாஸ்டிக், சுமார் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகித் தன் பழைய அளவை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. மூடி திருகும் கழுத்து மட்டும் அதிகம் சுருங்குவதில்லை. ஏனென்றால் அந்தப் பகுதியை யாரும் இழுக்கவே இல்லை. ஆசிரியர் ஒரு குவளை வெந்நீரோடு இதைச் செய்துகாட்டினால், ஒரு தொழிற்சாலையின் செய்முறையையே பாட்டில் தன் வாயால் சொல்லிவிடும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். பழமொழி வல்லவனைத்தான் மெச்சுகிறது. புல்லைப் பற்றி அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று நாம் விசாரிப்பதில்லை.

தூக்கிப்போட்ட பொருள் ஓவியச் சட்டத்துக்குள் நுழைந்த வரலாற்றை வழக்கமாக 1912இலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். பிக்காசோ அந்த ஆண்டு ஓர் ஓவியத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னலை வரைவதற்குப் பதிலாக, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணி ஒன்றை ஒட்டினார். சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் கயிறு. 1942இல், ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த காலத்தில், ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத் தலை ஆக்கினார். அந்தக் காளையின் சிறப்பு, அது காளையாகத் தெரியும் அதே கணத்தில் சைக்கிளாகவும் தெரிவது. ஒன்று மற்றொன்றை மூடி மறைக்கவில்லை. இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். இந்த வரிசையில் மார்செல் துஷாம்ப் 1917இல் காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கோப்பையையும் சேர்த்துவிடுகிறார்கள். அது கடையில் வாங்கிய புத்தம்புதுச் சரக்கு. அதன் கேள்வி கலை என்றால் என்ன என்பது. கழிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குப்பையை முழு மனத்தோடு எடுத்துக்கொண்டவர் ஹானோவர் நகரத்துக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ். முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனி நொறுங்கிக் கிடந்த 1919இல், டிராம் டிக்கெட், உறை, துணிக்கிழிசல், கம்பி, மரத்துண்டு என்று தெருவில் கிடந்ததை எல்லாம் சேர்த்து ஒட்டத் தொடங்கினார். ஒரு வங்கி விளம்பரத்தைக் கிழித்து ஒட்டியபோது ‘கொமெர்ஸ்’ என்ற சொல்லின் பின்பாதி மட்டும் எஞ்சியது. ‘மெர்ஸ்’. பொருளற்ற அந்தத் துண்டுச் சொல்லையே தன் கலை முழுமைக்கும் பெயராக வைத்துக்கொண்டார். பெயரும் பொறுக்கி எடுத்ததுதான். தன் வீட்டின் உட்புறத்தையே ஆண்டுக்கணக்கில் ஒரு பெரிய மெர்ஸ் கட்டுமானமாக வளர்த்தார். 1943இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அது அழிந்தது.

அதே 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் வேறொன்று பிறந்தது. பூங்காக்களை வடிவமைத்துவந்த சோரன்சென் என்பவர், தான் அழகாக அமைத்துக்கொடுத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டடம் எழும்பும் இடங்களிலும் உடைசல் குவிந்த இடங்களிலும்தான் குழந்தைகள் மெய்ம்மறந்து விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்திருந்தார். பலகை, செங்கல், கயிறு, ஆணி, பழைய சக்கரம் ஆகியவற்றோடு ஓர் உடைசல் விளையாட்டுத் திடல் எம்ட்ரப்பில் திறக்கப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் குண்டு விழுந்த மனைகளுக்கும் அந்த எண்ணம் பரவியது. ஆங்கிலேயக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ஓர் இடத்தில் படைப்பும் கண்டுபிடிப்பும் எந்த அளவுக்கு நிகழும் என்பது அங்கே நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை, எத்தனை வகை என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதம். ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் தரையில் பதித்துவிட்டால் குழந்தை செய்வதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இந்தக் கதைகளில் பற்றாக்குறையும் போரும் திரும்பத் திரும்ப வருவது தற்செயலானதல்ல. போரில் பள்ளிகள் அழிந்துபோன நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் ஒரு கையேடு வெளியிட்டது. ஆய்வகக் கருவி இல்லை. கையில் கிடைப்பதைக் கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்பதே அதன் நோக்கம். 1956இல் அது பெரிய மூலநூலாக விரிந்து உலகெங்கும் போனது. வசதி இருந்திருந்தால் யாரும் இந்த வழியைத் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் தேடியபின் தெரிந்தது, சில பாடங்களுக்கு இந்தக் கருவிகளே மேல் என்பது.

ஏன் மேல்? இதற்கு உளவியலில் ஒரு விடை உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் ஒரு புதிர் வைத்தார். கதவில் கண்ணுயரத்தில் மெழுகுவத்தியை நிறுத்த வேண்டும். மேசைமேல் சில சிறிய அட்டைப் பெட்டிகளும் ஆணிகளும் வேறு சில பொருள்களும் இருக்கின்றன. பெட்டியைக் கதவில் ஆணியடித்து அதன்மேல் மெழுகுவத்தியை வைப்பது விடை. பெட்டிகள் காலியாக இருந்தபோது பலருக்கு விடை எளிதாகப் பிடிபட்டது. அதே பெட்டிகளில் ஆணிகளையும் மற்றப் பொருள்களையும் போட்டுக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். பெட்டி ‘ஆணி வைக்கும் பெட்டி’யாக வேலையில் இருந்ததால் அது தாங்கு பலகையாகவும் ஆகலாம் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. 1945இல் ஆங்கிலத்தில் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, பொருளை அதன் வழக்கமான வேலையோடு சேர்த்தே பார்க்கும் இந்தப் பழக்கம் ஆய்வுலகில் நிலைத்த பேசுபொருளாயிற்று. 2000இல் வெளியான இன்னோர் ஆய்வு, இதுபோன்ற புதிரில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் தடுமாறுகையில் ஐந்து வயதுக் குழந்தைகள் தடுமாறவில்லை என்று காட்டியது. இதன்படி பார்த்தால் அது பிறவிக் குணம் அல்ல, வளர வளரப் படிவது.

தூக்கிப்போட்ட பொருள் என்பது ஆணிகளைக் கொட்டிவிட்ட பெட்டி. அதன் வேலை முடிந்துவிட்டது. காலி மருந்துப் புட்டியிடம் யாரும் மருந்தை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அது புட்டியாகவே, கண்ணாடியாகவே, உருளையாகவே தெரியத் தொடங்குகிறது. புதிதாக வாங்கிய கைவினைப் பெட்டியோடு வரும் வழிமுறைத் தாள் இந்த விடுதலையை முதலிலேயே பறித்துவிடுகிறது. கெட்டுப்போகுமோ என்ற பயமும் கழிவுப் பொருளிடம் கிடையாது. பத்து முறை தப்பாக வெட்டலாம். விலை கொடுத்து வாங்கிய பலகையில் முதல் வெட்டுக்கே கை நடுங்கும்.

கலையில் இதை ஓர் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் என்று நான் கருதுவது எல் அனட்சுயியை. கானாவில் 1944இல் பிறந்தவர். நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் 1975 முதல் பல ஆண்டுகள் சிற்பம் கற்பித்தவர். 1990களின் இறுதியில் மதுப் பாட்டில்களின் அலுமினிய மூடிகள் நிறைந்த பை ஒன்று அவர் கண்ணில் பட்டது. என்ன செய்வது என்று உடனே தெரியவில்லை. சில காலம் அது பட்டறையில் சும்மா கிடந்தது. பிறகு உதவியாளர்களோடு சேர்ந்து மூடிகளைத் தட்டையாக்கியும் முறுக்கியும் வளையமாக மடித்தும், துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து ஒரு பெரும் உலோகத் துணியாகின்றன. தொலைவிலிருந்து பொன்னும் செம்மையுமாக மின்னும் அரசவைத் திரை. அருகே போனால் மதுபான நிறுவனங்களின் பெயர்கள். வண்ணம் எதுவும் பூசியதில்லை, மூடியில் அச்சாகி வந்ததே வண்ணம்.

இங்கே பொருளின் இரண்டு குணங்கள் வேலை செய்கின்றன. முதலாவது உடற்குணம்: மெல்லிய அலுமினியம் கைவிரலுக்கு வளைந்துகொடுக்கும், வளைத்த இடத்தில் நிற்கும், எடை குறைவு. அதனால்தான் உலோகம் துணியைப் போல மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. எப்படித் தொங்கவிட வேண்டும் என்று அனட்சுயி கட்டளையிடுவதில்லை. காட்சிக்கு வைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மடிக்கலாம். இரண்டாவது, பொருளோடு ஒட்டிவந்த வரலாறு. ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வியாபாரச் சரக்காகக் கொண்டுவந்தவற்றில் மதுவும் ஒன்று. அந்த வியாபாரம் அடிமை வணிகத்தோடு பின்னிக் கிடந்தது. மூடியைத் தைப்பவர் அந்தக் கதையையும் சேர்த்தே தைக்கிறார். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் கதையும் மறைந்திருக்கும். 2015இல், வெனிஸில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக்காட்சி வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு அளித்தது. 2023இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தில் அவருடைய திரைகள் தொங்கின.

சண்டிகரின் நேக் சந்த் கதை பலருக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அதில் ஒரு பகுதி போதிய கவனம் பெறுவதில்லை. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், 1950களின் பிற்பகுதியிலிருந்து, கட்டடம் எழுப்பத் தடை செய்யப்பட்ட அரசு வனநிலத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிற்ப உலகத்தைக் கட்டினார். உடைந்த வளையல், பீங்கான் சில்லு, மின் இணைப்புச் சாமான்கள், சைக்கிள் சட்டங்கள். எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவால் தப்பி, 1976இல் பாறைத் தோட்டம் என்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இத்தனை உடைசல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? கட்டடக் கலைஞர் லெ கார்பூசியரின் திட்டப்படி நேர்கோட்டு நவீன நகரம் எழுவதற்காக அந்த இடத்திலிருந்த கிராமங்கள் காலிசெய்யப்பட்டு இடிக்கப்பட்டன. அந்த வீடுகளின் எச்சம்தான் அவருடைய மூலப்பொருள். நேக் சந்தும் பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். புதிய நகரம் எதை அழித்து எழுந்ததோ, அது அந்நகரத்தின் ஓரத்திலேயே சிலைகளாக எழுந்து வரிசையில் நிற்கிறது.

கல்விக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளோடு ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் தாங்களே சோதனை செய்து கற்க வேண்டும், அதற்கான சாமான்கள் அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் அங்கே போனார். வாரச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். தீக்குச்சியின் தடிமனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. குழாயின் ஒரு சிறு துண்டில் இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். ரப்பர் என்பதால் எந்தக் கோணத்துக்கும் வளையும். வால்வ் குழாய் குப்பையில் கிடைத்ததல்ல, மலிவாக வாங்கியது. ஆனாலும் அதே வம்சம்தான்.

மூன்று குச்சிகளை மூட்டிப் பாருங்கள். முக்கோணம் எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிகள் சேர்ந்த சதுரம் தொட்டவுடன் சாய்சதுரமாகச் சரியும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் இரண்டு முக்கோணமாகி மறுபடி உறுதிப்படும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் கூரைச் சட்டத்திலும் எங்கு பார்த்தாலும் முக்கோணங்கள் இருப்பது ஏன் என்று அதன்பின் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தப் பாடத்தை நடத்துவது அந்த ரப்பர் மூட்டின் தளர்ச்சி. கெட்டியான பசையால் ஒட்டியிருந்தால் சதுரமும் நிமிர்ந்து நின்று பொய் சொல்லியிருக்கும்.

அவர் பரவலாக்கிய இன்னொரு கருவி மின்மோட்டார். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய கொஞ்சம் செம்புக் கம்பி, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு வளையம். கம்பியைச் சுருளாக்கி, இரு முனைகளையும் ஊக்குகளின் துளைக்குள் விட வேண்டும். முனைகளில் எனாமலைச் சுரண்டுவதில்தான் நுட்பம். ஒரு முனையை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு புறத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் அரைச் சுற்றுக்கு ஒரு திசையிலும் அடுத்த அரைச் சுற்றுக்கு எதிர்த் திசையிலும் தள்ளப்பட்டு, ஆடி நின்றுவிடும். ஒரு புறம் எனாமல் இருந்தால் தவறான தள்ளல் வரும் நேரத்தில் மின்சாரம் அறுபடுகிறது; சுருள் தன் வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடக்கிறது. கடையில் வாங்கும் மோட்டாரை மூடிய தகரக் கூட்டுக்குள் இந்த ரகசியம் ஒளிந்திருக்கும். இங்கே அது விரல் நுனியில் இருக்கிறது. தப்பாகச் சுரண்டினால் உடனே நின்று, தப்பைக் காட்டியும் கொடுக்கிறது.

மயில்தோகையாகிப் போன அந்தக் குறுந்தகட்டையும் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அதில் வண்ணங்கள் ஏன் தெரிகின்றன? 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகச் சுற்றிவரும் தடங்கள் ஒளியைச் சிதறடித்து நிறம் பிரிக்கின்றன. ஓர் அட்டைப் பெட்டியில் மெல்லிய கீறல் வழியாக ஒளியை விட்டு, உள்ளே சாய்வாகத் தகட்டை வைத்து, மேலே ஒரு துளை வழியாகப் பார்த்தால் நிறமாலைமானி ஆகிவிடும். சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. வானத்தின் வெளிச்சம் போதும். இழை பல்பின் ஒளியில் நிறங்கள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக விரியும். எல்.இ.டி. அல்லாத பழைய வகைக் குழல் விளக்கின் ஒளியில் தனித்தனிக் கோடுகள் தெறிக்கும். நட்சத்திரங்களில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று வானியலாளர்கள் அறிவதும் இத்தகைய கோடுகளைப் பார்த்துத்தான். டி.வி.டி. தகட்டில் தடங்கள் இன்னும் நெருக்கம் என்பதால் நிறங்கள் இன்னும் அகலமாகப் பிரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே ஒரு பாடம்.

செய்தித்தாளுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், அதற்குக் குறுக்கே கிழித்தால் பல்லிளித்துக்கொண்டு கோணலாகும். ஆலையில் கூழ் ஓடிய திசையில் நார்கள் படுத்துக்கொண்டதன் விளைவு அது. தாளைச் சுருட்டிக் குழாய் செய்யும்போது எந்தத் திசையில் சுருட்டினால் எளிது என்று கண்டுபிடிக்க விட்டுவிடலாம்.

இந்த முறைக்குக் கடுமையான தேர்வு வைப்பது இசை என்று தோன்றுகிறது. பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனை அடுத்த கதேயூரா ஒரு குப்பைமேட்டுக் குடியிருப்பு. 2006 வாக்கில் ஃபாவியோ சாவெஸ் அங்கே குழந்தைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கியபோது குழந்தைகள் அதிகம், கருவிகள் குறைவு. உண்மையான வயலின் அந்தக் குடியிருப்பின் ஒரு வீட்டைவிட விலை கூடுதல். குப்பை பொறுக்கிவந்த ஒருவர் தகர டப்பாவிலும் கழித்த மரத்திலும் வயலின் செய்தார். எண்ணெய்ப் பீப்பாயில் செல்லோ பிறந்தது. பூச்சாடியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். வயலினை அப்படிச் சமாளிக்க முடியாது. சுருதி சேர்ந்தாக வேண்டும். எந்தத் தகரம் எப்படி அதிரும் என்று தெரியாமல் சுருதி சேராது.

நடைமுறைக்கு வந்தால், பலரும் சறுக்குவது சேகரிப்பில். ‘வீட்டிலிருந்து வேண்டாத பொருள் கொண்டுவாருங்கள்’ என்றால் வகுப்பின் மூலையில் ஒரு குவியல் சேரும். குவியலைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது, குப்பையாகத்தான் தெரியும். இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் 1996இல் தொடங்கிய ‘ரெமீதா’ மையம் இதற்கு நல்ல விடை கண்டது. தொட்டதெல்லாம் பொன்னாகும் மைதாஸ் மன்னனின் இத்தாலியப் பெயரைச் சேர்த்துவைத்த பெயர் அது. தொழிற்சாலைகள் கழிக்கும் ஓரத்துணுக்கு, குறைபட்ட உருப்படி, மிச்சச் சரக்கு ஆகியவற்றைத் திரட்டி, பொருள்வாரியாக, நிறவாரியாக, வடிவவாரியாகப் பிரித்து அடுக்கிவைக்கிறார்கள். ஆசிரியர்கள் அங்கே வந்து எடுத்துப்போகிறார்கள். ஒரே அளவில் நானூறு மூடிகள் ஒரு கண்ணாடிச் சாடியில் இருந்தால் அது கச்சாப் பொருள். அதே நானூறும் மற்றவற்றோடு ஒரு சாக்கில் கலந்து கிடந்தால் கழிவு. பிரித்து அடுக்குவதையே முதல் பாடமாக வைக்கலாம். மிதப்பவை, காந்தம் இழுப்பவை, ஒளி விடுபவை, மடித்தால் மடிந்தபடி நிற்பவை என்று குழந்தைகளே தலைப்பு வைக்கட்டும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதிலும் தயவுதாட்சண்யம் வேண்டாம். ஊசியும் சிரிஞ்சும் யார் பயன்படுத்தியது என்று தெரியாதவை, வேண்டாம். பழைய வகைக் குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. பழைய மின்னணுப் பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுத்தால் எழும் புகை மூச்சுக்கு ஆகாது; பி.வி.சி. குழாயைத் தீயில் வாட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கடிகாரத்திலும் பொம்மையிலும் வரும் பொத்தான் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூடிகளும் மணிகளும்கூட வேண்டாம்.

சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்ற உரிமைகோரலைச் சற்று அடக்கி வாசிப்பது நல்லது. உலகம் 2016இல் மட்டும் சுமார் 201 கோடி டன் நகர்ப்புறத் திடக்கழிவை உண்டாக்கியது என்று உலக வங்கி 2018இல் கணக்கிட்டது. இந்த மலைக்கு முன்னால் உலகின் எல்லாக் கலைஞர்களும் எல்லா வகுப்பறைகளும் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஒரு பிடிகூட இல்லை. அனட்சுயி நைஜீரியாவின் குப்பைப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. கழிவுப் பொருளின் மதிப்பு கண்ணுக்கும் கைக்கும் அது தரும் பயிற்சியில் இருக்கிறது. ‘பூமியைக் காத்த பூச்சாடி’ என்று அட்டை மாட்டும்போது, குழந்தைக்கு நாம் ஒரு பொய்க் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்னொன்று, குப்பை யாருடையது என்ற கேள்வி. நாம் வேண்டாம் என்று போட்டது இன்னொருவருக்கு அன்றாட வருமானம். பிரேசில் கலைஞர் விக் முனிஸ், ரியோவை அடுத்த ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில் வேலை செய்தவர்களின் உருவங்களை அவர்கள் பொறுக்கிய பொருள்களைக் கொண்டே தரையில் பிரம்மாண்டமாக அமைத்து, உயரத்திலிருந்து படமெடுத்தார். அமைக்கும் வேலையில் அவர்களே கூலிபெற்று ஈடுபட்டார்கள். படம் விற்ற பணம் அவர்கள் சங்கத்துக்குப் போனது. 2012இல் அந்தக் குப்பைமேடு மூடப்பட்டது. முனிஸின் ஏற்பாட்டில் குறை காண்பவர்கள் உண்டு. ஆனால் குப்பையைக் கலையாக்கும் பலர் அந்தக் குப்பையைப் பொறுக்கியவரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலுமினிய டப்பாவும் செம்புக் கம்பியும் நல்ல விலைக்குப் போகும் இடத்தில் அவற்றை விட்டுவிட்டு, யாரும் எடுக்காத பல அடுக்கு உறை, கிழிந்த துணி, பேனா ரீஃபில் போன்றவற்றை நாடுவது நியாயமான வழி.

அருங்காட்சியகங்களுக்கு இது வேறு விதத் தலைவலி. செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருப்பதால் ஒளி பட்டுப் பழுக்கும். ரப்பர் இறுகி வெடிக்கும். ஒட்டுநாடா பிசுபிசுத்து உதிரும். நாளைக்குத் தூக்கிப்போடுவதற்கென்றே செய்த பொருளை நூறாண்டுக்குக் காப்பாற்றச் சொன்னால் பாதுகாப்பு வல்லுநர்கள் என்ன செய்வார்கள்? வகுப்பறைக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே நிலைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே பசைக்குப் பதில் நூல், ஊக்கு, ரப்பர் வளையம், செருகல், மடிப்பு. செய்ததைப் பிரிக்க முடிய வேண்டும். பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மோட்டாரையும் நிறமாலைமானியையும் தீக்குச்சிக் கோபுரத்தையும் செய்தவர்களே பிரித்து, செம்பு செம்போடும் மூடி மூடியோடும் அந்தந்தச் சாடிக்குத் திரும்பப் போடலாம். அடுத்து வரும் வகுப்புக்கு அது தேவைப்படும். வால்வ் குழாய் மட்டும் ஓர் ஆண்டில் பிடிப்பு தளர்ந்திருக்கும். அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.